நாக்கடியில் எண்ணெய் வைத்து ஓடுகிறவர்

கொலராடோ மலையடிவாரத்தில் கரடி எதிரே வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று வழிநெடுகப் பலகை வைத்திருக்கிறார்கள். ஓடாதே, கையைத் தூக்கிக்கொள், உரக்கக் கத்து. நல்ல யோசனைதான். ஆனால் நாக்கடியில் எண்ணெய் வைத்து ஓடுகிறவர் எதிரே வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு பலகையும் இல்லை. கரடியாவது குப்பைத் தொட்டியைக் கவிழ்த்துவிட்டுத் தன் வழியே போய்விடும். இவர் நின்று பேசுவார்.

எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது என்று கேட்கிறீர்களா? சனிக்கிழமை காலையில் மலைப்பாதை தொடங்குகிற இடத்தில், வண்டிகள் நிற்கிற திடலில் போய் நில்லுங்கள். ஐம்பதைத் தாண்டிய ஆண்பிள்ளை, சிறுபிள்ளைக்குத் தைத்த மாதிரி அரைக்கால் சட்டை, நாரைக் கால், முதுகில் தண்ணீர்ப் பை, அதிலிருந்து வாய்க்கு ஒரு குழாய், ஆஸ்பத்திரியிலிருந்து பாதியில் தப்பி வந்தவர் போல. பேச்சு முழுக்க உடம்பைப் பற்றித்தான். எந்தக் கால்விரல் நகம் கறுத்தது, எது கழன்று விழுந்தது, காலையில் வயிறு ஒழுங்காகப் போயிற்றா இல்லையா, எந்த மைலில் அவசரமாகப் புதர் தேட வேண்டி வந்தது என்பதையெல்லாம் நாலு பெண்கள் நிற்கிறார்களே என்ற கூச்சமே இல்லாமல், என்னவோ பரம்பரைச் சொத்து விவரம் சொல்கிற மாதிரி சொல்வார். சட்டை உரசி உரசி மார்க்காம்பில் ரத்தம் வருமாம். அதற்கு வாசலின் தடவிக்கொள்வார்களாம். பிள்ளைக்குப் பால் கொடுத்தவள் பட்ட பாடு ஆண்பிள்ளைக்கும் கொஞ்சம் தெரியட்டும் என்று ஆண்டவன் செய்த ஏற்பாடு அது. நல்லது.

இத்தனையும் எல்லா ஓட்டக்காரருக்கும் உண்டு. நம்மாளுக்குத் தனி அடையாளம் ஒன்று இருக்கிறது: இடுப்புப் பையில் ஒரு சின்னப் பழுப்புக் கண்ணாடிக் குப்பி.

கஞ்சாச் செடிதான். அதிலிருந்து போதையை மட்டும் கழித்துவிட்டு, மிச்சத்தை எண்ணெயில் கலந்து, மூடியிலேயே சொட்டுக்குழாய் வைத்து, சி.பி.டி. என்று பேர் போட்டு, நல்ல ஒயினை விட அதிக விலைக்கு விற்கிறார்கள். போதையுள்ள அசல் கஞ்சாவையே நாலு கடைக்கு ஒரு கடையில் பச்சை விளக்குப் போட்டு விற்கிற ஊர் இது. இங்கே ஒரு மனுஷர் போதையில்லாத கஞ்சாவைச் சாப்பிட்டுவிட்டுப் போதையேறியவர் மாதிரி பேசிக்கொண்டிருந்தால், அந்தச் செடிக்கே அவமானமாக இருக்காதா?

அவர் குப்பியை எடுப்பார். குலுக்குவார். வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். காக்கைக் குஞ்சு போல வாயைப் பிளந்து, நாக்கைத் தூக்கி, சொட்டு விடுவார். உடனே விழுங்கக் கூடாது. நாக்குக்கு அடியிலேயே ஊறி ரத்தத்தில் இறங்க வேண்டுமாம். அதனால் ஒரு விரலைத் தூக்கி ‘இரு, வருகிறேன்’ என்று சைகை காட்டிக்கொண்டு, கன்னம் உப்பி, கண் செருகி, தவசி மாதிரி நிற்பார். அவர் பெண்டாட்டிக்கு ஒரு நாளில் கிடைக்கிற முழு நிம்மதி அந்த ஒரு நிமிஷம்தான். அந்த எண்ணெயால் யாருக்காவது சந்தேகமில்லாமல் பலன் உண்டு என்று சத்தியம் செய்யச் சொன்னால், அவளுக்கு உண்டு என்று செய்யலாம்.

விழுங்கினாரோ இல்லையோ, மடை திறந்துவிடும்.

“இதுல போதை கெடையாது, தெரியும்ல? உடம்பு அப்படியே தணிஞ்சு வருது. வீக்கம் வத்துது. ராத்திரி கட்டை மாதிரி தூக்கம். நீ எது போட்டுக்கற? ஒண்ணுமே போட்டுக்கலையா? அடப் பாவமே!”

நன்றாக ஓடினாரா? எண்ணெய். மோசமாக ஓடினாரா? சொட்டு போதவில்லை. படுத்ததும் தூங்கினாரா? எண்ணெய். கொட்டக் கொட்ட விழித்திருந்தாரா? உடம்பு பழகிக்கொண்டிருக்கிறது, பொறுங்கள். கால் வலிக்கவில்லையா? பார்த்தீர்களா! கால் வலிக்கிறதா? எண்ணெய் இல்லாவிட்டால் எப்படி வலித்திருக்கும், யோசித்துப் பாருங்கள்! இரண்டு பக்கமும் தலை அச்சடித்த காசைச் சுண்டுகிறவரிடம் யார் ஜெயிப்பது? படித்தவர்கள் ஓட்டக்காரர்களைக் கூட்டிவந்து கொடுத்துப் பார்த்து, பலன் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், இன்னும் பார்க்க வேண்டும் என்று சொல்கிறார்களாமே என்று வாயைத் திறந்தால், ஒரே கேள்வியில் உங்களைக் கவிழ்ப்பார்: “அவங்க ஓடிப் பாத்தாங்களா?”

இந்த இனத்தில் முதல் தரமான உருப்படி வெண்டல் ஹாகன்.

வெண்டலுக்குக் கூரை பார்க்கிற வேலை. ஆலங்கட்டி மழை பெய்து ஓய்ந்ததும் ஏணியைப் போட்டு வீட்டுக் கூரையில் ஏறி, எது ஆலங்கட்டி அடித்த பள்ளம், எது ஏற்கெனவே இருந்த பள்ளம் என்று பிரித்து இன்ஷூரன்ஸ்காரனுக்குச் சொல்ல வேண்டும். வீட்டுக்காரன் கண்ணீர் விட்டாலும் கரைய மாட்டார். “ஆதாரம் எங்க சார்? போன வருஷமே இருந்த பள்ளம்னு நான் சொல்றேன், இல்லன்னு நீங்க காட்டுங்க” என்பார். ஊரான் கூரையில் நகக்கண் அளவு பள்ளத்துக்கு ஆதாரம் கேட்கிற மனுஷருக்குத் தன் வலது முட்டி விஷயத்தில் மட்டும் ஆதாரம் கேட்கத் தோன்றவில்லை. படியிறங்கும்போது அந்த முட்டி மிளகு அரைக்கிற சத்தம் போடும். எண்ணெய் உள்ளே வேலை செய்கிற சத்தம் என்பார்.

அவர் மனைவி கொரீன் இந்தச் சத்தத்தையும் பேச்சையும் மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். வீட்டில் பிஸ்கட் என்று ஒரு கிழட்டு நாய். அதற்கும் இடுப்பு வலி. வெண்டல் சும்மா விடுவாரா? அதே கம்பெனி நாய்களுக்கென்று தயாரிக்கிற எண்ணெயை அதற்கும் வாங்கிவந்தார். அதே பழுப்புக் குப்பி, அதே சொட்டுக்குழாய். ஒட்டியிருக்கிற தாளில் மட்டும் ஒரு நாய்ப்படம். அவருடையது புதினா ருசி. நாயினுடையது பன்றிக்கறி வறுவல் ருசி. காலையில் அவருக்கு ஒரு வாய், நாய்க்கு ஒரு வாய். இரண்டும் வாயைப் பிளந்துகொண்டு சமையலறையில் நிற்கிற காட்சியைப் பார்த்தபடி கொரீன் தன் காப்பியைக் குடிப்பாள். அவளுக்கும் மாடிப்படி ஏறினால் இடுப்பு பிடிக்கும். வெளியே சொல்ல மாட்டாள். சொன்னால் மூன்றாவது குப்பி வரும்.

எங்கள் பக்கத்தில் வருஷத்துக்கு ஒரு தடவை பருந்துப்பாறை ஓட்டம் நடக்கும். ஐம்பது மைல், நாலு மலை. சூரியன் மேற்குக் குன்றுக்குப் பின்னால் விழுவதற்குள் வந்து சேர்ந்தவருக்கு ஒரு வெள்ளிப் பூச்சு பக்கிள், பெல்ட்டில் மாட்டுகிற கொக்கி. விழுந்த பிறகு வந்தவருக்கு ஒரு கட்டிப்பிடியும் ஒரு கோப்பை சூப்பும். அந்தப் பக்கிளுக்காகத்தான் இவர்கள் உயிரை விடுகிறார்கள். இத்தனைக்கும் அவர்கள் போடுகிற அரைக்கால் சட்டைக்கு பெல்ட்டே கிடையாது, நாடாதான். வெண்டல் இரண்டு வருஷம் ஓடி, இரண்டு வருஷமும் சூப் குடித்துவிட்டு வந்தார்.

மூன்றாவது வருஷம் பேர் கொடுத்துவிட்டு வந்து நின்றதும் கொரீன் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“முட்டியைப் பாத்துட்டு டாக்டர் என்ன சொன்னாரு?”

“அவருக்கு ஓட்டம்னா என்னன்னே தெரியாது. தொப்பையைப் பாத்தியா அவருக்கு?”

“தொப்பையாலயா முட்டியைப் பாக்கறாரு? ஜவ்வு தேஞ்சிடுச்சு, ஆபரேஷனுக்கு வான்னு சொல்லிட்டாரு. இப்பிடியே ஓடினா அறுவதுல உன்னை நாற்காலியில வெச்சுத் தள்ளணும். தள்ளப் போறது நானு.”

“எண்ணெய் இருக்கறவரைக்கும்...”

“சரி, பந்தயம்! இந்தத் தடவை சூரியன் உன்னை ஜெயிச்சா, மறு வாரமே நீ அந்தத் தொப்பைக்காரர்கிட்ட போய்ப் படுக்கணும். எண்ணெய்ங்கற வார்த்தை இந்த வீட்டுல கேக்கக் கூடாது. சாலட்டுக்குக்கூட.”

“நான் ஜெயிச்சா?”

“அந்தக் கண்றாவியை நானும் நாக்குக்கடியில ஊத்திக்கறேன். தெனமும். போதுமா?”

வெண்டலின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! பக்கிள் ஒரு பக்கம். மூன்று வருஷமாக மசியாத பெண்டாட்டியை மதம் மாற்றுகிற பேறு இன்னொரு பக்கம். எந்த ஆண்பிள்ளைக்குத்தான் கசக்கும்?

ஓட்ட நாள் விடியற்காலையில், வழியில் கொரீன் கொண்டுவந்து கொடுக்க வேண்டிய பையை அவர் அவளைத் தொடவே விடவில்லை. உப்பு மாத்திரை, மாற்றுக் காலுறை, வாசலின், குப்பி எல்லாவற்றையும் தானே அடுக்கினார். அந்தப் பதற்றத்திலேயே நாய்க்கும் தானே சொட்டு விட்டுவிட்டுக் கிளம்பினார்.

ஓட்டக்காரர்களுக்கு வழியில் சாப்பாடு கொடுக்கிற கடைசிச் சாவடி ஒரு புல்வெளியில் இருந்தது. கொரீன் பிற்பகலிலேயே அந்தப் பையை எடுத்துக்கொண்டு, பிஸ்கட்டையும் கூட்டிக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்துவிட்டாள். சாவடியில் உருளைக்கிழங்கை உப்பில் புரட்டிக்கொடுத்தவள் அவள் சிநேகிதி பெவ் ஆர்ச்சுலெட்டா. பல் டாக்டரிடம் பல் சுத்தம் செய்கிற வேலை பெவ்வுக்கு. ஊரில் பாதிப் பேரின் வாயை உள்ளே பார்த்தவள். அதனாலேயே யாருக்கும் பயப்பட மாட்டாள்.

பெவ் குனிந்து நாயைக் கொஞ்சினாள். நாய் ஒரு கொட்டாவி விட்டது. பெவ் நிமிர்ந்தாள்.

“அடியே, உன் நாய் பல்லு வெளக்குதா?”

“ஏன்?”

“வாயில புதினா வாசனை அடிக்குது. என்கிட்ட வர்ற மனுஷங்ககிட்டகூட இவ்வளவு நல்ல வாசனை வந்ததில்ல.”

கொரீன் பையைத் திறந்தாள். உள்ளே காலுறைக்கு அடியில் இருந்த குப்பியை எடுத்துத் திருப்பினாள். தாளிலிருந்து ஒரு நாய் அவளைப் பார்த்துச் சிரித்தது.

அவருடைய எண்ணெயை நாய்க்கு ஊற்றிவிட்டு, நாயினுடையதைத் தனக்கு மூட்டை கட்டியிருக்கிறார், மனுஷர்!

பெவ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேற்கே பார்த்தாள். சூரியன் இறங்கத் தொடங்கியிருந்தது.

“கொரீன், நீ ஜெயிச்சிட்டடீ. அவன் வந்ததும் இதைக் காட்டு. எண்ணெய் இல்லன்னா அந்த ஆளு இந்த எடத்தை விட்டு ஒரு அடி நகர மாட்டான். உக்காந்து அழுவான். நாளைக்கே ஆபரேஷன்.”

“ஆமா.”

“சொல்லிடுவல்ல?”

“சொல்லாம? மூணு வருஷமா காத்துக்கிட்டிருக்கேன்.”

அவர் வந்தார். ஓடி வரவில்லை, பக்கவாட்டில் நண்டு மாதிரி நகர்ந்து வந்தார். உதடு வெடித்து, உப்புப் பூத்து, வலது காலைத் தரையில் இழுத்துக்கொண்டு. ஐஸ்பெட்டி மேல் பொத்தென்று உட்கார்ந்தார். பேசவில்லை. கால் நகத்தைப் பற்றிப் பேசவில்லை, வயிற்றைப் பற்றிப் பேசவில்லை. உருளைக்கிழங்கைக் கையில் வாங்கி, அது என்னவென்று தெரியாதவர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

“கொரீன், முடியல.”

இதற்காகத்தானே அவள் காத்திருந்தாள்? குப்பி கையில்தான் இருந்தது. ஆனால் பாருங்கள், மூன்று வருஷம் ஆசைப்பட்ட பண்டம் தட்டில் வந்து விழுந்தபோது அவளுக்குத் தொண்டையில் இறங்கவில்லை. புருஷன் வாயடைத்துப் போவதைப் பார்க்க ஆசைப்படாத பெண்டாட்டி உலகத்தில் இல்லை. நிஜமாகவே வாயடைத்து உட்கார்ந்திருக்கிறவனைப் பார்க்கிறது வேறு விஷயம். புருஷனைப் புதைத்துவிட்டு வந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

கொரீன் நாய்ப்படத்தின் மேல் கட்டைவிரலை வைத்து மறைத்தாள். “வாயைத் தொற” என்றாள். தானே ஊற்றினாள். குழாய் நிறைய.

பெவ் வானத்தைப் பார்த்துக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

வெண்டல் கண்ணை மூடினார். ஊறவிட்டார். விழுங்கினார். மெல்ல ஒரு கண்ணைத் திறந்தார்.

“இது என்ன, புது சரக்கா? புகை வாசனையா இருக்கு!”

“ஆமா. புதுசு.”

“ரத்தத்துல ஏறுதுடீ! இங்க பாரு, முட்டி... முட்டி சூடாவுது! நான் சொன்னேன்ல? சொன்னேனா இல்லியா?”

எழுந்தார். குப்பியைப் பிடுங்கி இடுப்பில் செருகினார். இரண்டடி நொண்டினார், மூன்றாவது அடியில் ஓடினார், குன்றுச் சரிவில் இறங்கி மறைந்தார்.

“நீ ஒரு வடிகட்டின முட்டாள்டீ” என்றாள் பெவ். “ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும்.”

“வாயை மூடிக்கிட்டு வண்டியை எடு. அந்தப் பக்கம் போய்ப் பாக்கலாம்.”

முடிவிடத்தில் கூட்டம் மேற்கே பார்ப்பதும் பாதையைப் பார்ப்பதுமாக நின்றது. சூரியன் நகம் வெட்டிய துண்டு அளவுக்கு மிச்சமிருந்தபோது வெண்டல் வளைவில் தெரிந்தார். அந்த ஓட்டத்தை ஓட்டம் என்று சொல்ல முடியாது. மலையிலிருந்து யாரோ உருட்டிவிட்ட மரச்சாமான் மாதிரி வந்தார். வந்துவிட்டார். கூட்டம் கத்தியது. கொரீனும் கத்தினாள், தன் பந்தயம் போயிற்று என்பதையே மறந்து.

பக்கிளைக் கையில் வாங்கினாரோ இல்லையோ, நம்மாள் என்ன செய்வார்? நன்றி சொல்வாரா? பெண்டாட்டியைக் கட்டிக்கொள்வாரா? இடுப்பிலிருந்து குப்பியை உருவித் தலைக்கு மேல் தூக்கினார்.

“எல்லாரும் கேட்டீங்களே, இதுதான்! இது இல்லன்னா நான் இல்ல!”

ஒலிபெருக்கிக்காரர் குப்பியை வாங்கி, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, தாளை ஊருக்கே கேட்கும்படி வாசித்தார்: “பன்றிக்கறி வறுவல் ருசி. வயதான நாய்களுக்கு. நாற்பது பவுண்டு எடைக்கு மேற்பட்ட நாயானால் இரண்டு பங்கு கொடுக்கவும்.”

சிரிப்பு மலையில் மோதித் திரும்பி வந்தது. வெண்டல் குப்பியைப் பார்த்தார். நாயைப் பார்த்தார். கொரீனைப் பார்த்தார். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். உடைந்துவிடுவாரோ என்று ஒரு பயம். உடைந்தால் பந்தயம் ரத்தாகுமே என்று கூடவே ஒரு நப்பாசை. மூன்று வருஷமாக நம்பிய புதினா எண்ணெய் நாய் வயிற்றில். பக்கிள் வாங்கியது நாய் மருந்தில். இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும் ஒரு மனுஷருக்கு?

வெண்டல் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“பாத்தீங்களா? மனுஷனுக்கு விக்கறதுல பாதி வெளம்பரம். நாயை ஏமாத்த முடியாதுல்ல? அதுல போடறதுதான்யா அசல் மருந்து!”

சிரிப்பு நின்றது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒலிபெருக்கிக்காரர் தாளை இன்னொரு தடவை, இந்தத் தடவை சத்தமில்லாமல், வாசித்தார். “எந்தக் கடையில வாங்கினே?” என்று ஒரு குரல் வந்தது.

அடுத்த சனிக்கிழமை வண்டித் திடல் முழுக்கப் பன்றி வறுவல் வாசனை. நாய்த் தீனிக் கடையில் குப்பி தீர்ந்து போயிற்று. வெண்டலின் முட்டி முலாம்பழம் அளவுக்கு வீங்கி, அவர் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, காலை ஐஸ்பெட்டி மேல் நீட்டிக்கொண்டு, எல்லோருக்கும் அளவு சொல்லிக்கொண்டிருந்தார். வீக்கம் எதற்கு? மருந்து சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததற்கு அடையாளம். டாக்டர்? ஜெயித்தவர் எதற்கு டாக்டரிடம் போக வேண்டும்? பிஸ்கட் மட்டும் இரண்டு எண்ணெயிலும் ஒரு வித்தியாசமும் காணாமல் எப்போதும் போலத் தூங்கிக்கொண்டிருந்தது. அதை யாரும் கருத்துக் கேட்கவில்லை.

கொரீன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். ஓட்டம் முடிந்த அன்று ராத்திரியே சமையலறையில் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தாள். வெண்டல் ஞானஸ்நானம் செய்கிற பாதிரி மாதிரி ஊற்றினார்.

“எப்பிடி இருக்கு?”

“நாய் நக்கின மாதிரி இருக்கு.”

அன்றைக்கு அவள் நன்றாகத் தூங்கினாள். நாளெல்லாம் மலைக்காற்றில் நின்ற களைப்பு என்று சொல்லிக்கொண்டாள். மறுநாளும் தூங்கினாள். அந்த வாரக் கடைசியில் மாடிப்படியைக் கைப்பிடி பிடிக்காமல் ஏறிவிட்டு, நடுவில் நின்று, கீழே திரும்பிப் பார்த்தாள். வெயில் காலம், இடுப்பு தானாகவே தளரும் என்று சொல்லிக்கொண்டாள். வெண்டலிடம் மட்டும் மூச்சு விடவில்லை. “ஒரு எழவும் தெரியல” என்று தினமும் முகத்தைச் சுளித்துக்கொண்டு வாயைத் திறந்தாள்.

குப்பி தீர்ந்தது. பந்தயத்தில் குப்பி தீர்ந்தால் வேறு வாங்க வேண்டும் என்று ஒரு பேச்சும் இல்லை. விட்டுத் தொலைத்திருக்கலாம். கொரீன் என்ன செய்தாள் தெரியுமா? தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒருவருக்கும் தன்னைத் தெரியாத பக்கத்து ஊருக்கு வண்டியோட்டிக்கொண்டு போய், அங்கே ஒரு நாய்த் தீனிக் கடைக்குள் நுழைந்தாள்.

“நாய்க்குத்தானே?” என்று கேட்டாள் கல்லாவில் இருந்த பெண்.

“ஆமா. நாய்க்குத்தான்.”

“எவ்வளவு எடை?”

கொரீன் யோசிக்கவில்லை. “நூத்தி அறுவது பவுண்டு.”

கல்லாக்காரி முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. “பெரிய நாயைத்தான் வளக்கறீங்க” என்றாள். “இப்பல்லாம் எல்லாருமே பெரிய நாய்தான் வளக்கறாங்க.”

கொரீன் திரும்பிப் பார்த்தாள். பின்னால் நீளமாக ஒரு வரிசை. எல்லோரும் கறுப்புக் கண்ணாடி. ஒருவர் கையிலும் நாய் இல்லை. வரிசைக் கடைசியில் நின்றவர் முகத்தை எங்கேயோ நன்றாகப் பார்த்த மாதிரி இருந்தது அவளுக்கு. ஊருக்குத் திரும்பி என்னிடம் இதைச் சொன்னபோதும் அவள் அந்தப் பேரைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நீங்கள் சிரித்தது போதும். உங்கள் நாய் எவ்வளவு எடை?